‘நாலு எடுத்து வா’ என்றால் கை நிறைய அள்ளி வருகிறாள்!

சின்னக் குழந்தைகளுக்கு எண்ணக் கற்றுக்கொடுப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். இரண்டரை வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: மகளுக்கு மூன்றரை வயது. ஒன்றிலிருந்து இருபது வரை தங்குதடையில்லாமல் சொல்கிறாள். ஆனால் ‘நாலு ஸ்பூன் எடுத்து வா’ என்றால் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வருகிறாள். கவனக்குறைவா, அல்லது புரியவே இல்லையா?

கவனக்குறைவு இல்லை. அவளுக்கு இருபது சொற்களின் வரிசை மனப்பாடம் ஆகியிருக்கிறது. அந்த வரிசையில் வரும் ‘நாலு’ எவ்வளவைக் குறிக்கிறது என்பது இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். பாட்டு ஒப்பிப்பதுபோலத்தான் இந்த வயதில் ஒண்ணு, ரெண்டு, மூணு வாயில் வருகிறது. ஒப்பிப்பது ஒரு திறமை, எண்ணுவது வேறொரு திறமை. முன்னது கைவந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகும் பின்னது வராமல் இருப்பது சகஜம்.

1990இல் கேரன் வின் என்ற உளவியலாளர் குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொடுத்து, ‘ஒன்று கொடு’, ‘மூன்று கொடு’ என்று கேட்டுப் பார்த்தார். அதிலும் பின்னால் வந்த ஆய்வுகளிலும் ஒரு படிவரிசை தெளிவாகத் தெரிந்தது. குழந்தைக்கு முதலில் ‘ஒன்று’ மட்டும் பொருளோடு புரிகிறது. அந்தக் கட்டத்தில் ‘ஒன்று கொடு’ என்றால் சரியாக ஒன்றைத்தான் கொடுக்கும். வேறு எந்த எண்ணைக் கேட்டாலும் ஒரு கை அள்ளிக் கொடுக்கும். சில மாதம் கழித்து ‘இரண்டு’ புரியும், பிறகு ‘மூன்று’, சிலருக்கு ‘நான்கு’. அதன்பின் ஒரு தாவல் நிகழ்கிறது. எண்ணி முடிக்கும்போது வரும் கடைசிச் சொல்தான் மொத்தம் எத்தனை என்பது குழந்தைக்கு விளங்கிவிடுகிறது. அதற்கப்புறம் ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் தனித்தனியாகக் கற்க வேண்டியதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தத் தாவல் மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவே எப்போதாவது வருகிறது.

ஆகவே உங்கள் மகள் எந்தப் படியில் நிற்கிறாள் என்று முதலில் பாருங்கள். ஒரு கிண்ணத்தில் ஒரே மாதிரிப் பெரிய பட்டன்கள் பத்துப் பன்னிரண்டு போடுங்கள். பக்கத்தில் ஒரு பொம்மையை உட்கார வைத்து, ‘கரடிக்கு ஒரு பட்டன் குடு’ என்று தொடங்குங்கள். சரியாகக் கொடுத்தால் அடுத்து இரண்டு கேளுங்கள், பிறகு மூன்று. தவறினால் ஒன்று குறைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு மூன்று தடவை, வரிசை கலைத்துக் கேட்க வேண்டும். மூன்றில் இரண்டு முறை சரியாக வந்தால் அந்த எண் அவளுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்றைக் கவனியுங்கள்: எதைக் கேட்டாலும் மூன்று கொடுக்கிற குழந்தைக்கு மூன்று தெரியாது. இரண்டு கேட்கும்போது மூன்று கொடுக்காமலிருந்தால்தான் அது கணக்கு. தவறும்போது ‘தப்பு’ என்று சொல்லாமல் பட்டன்களைக் கிண்ணத்தில் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டால் போதும்.

அவள் இரண்டு வரை வந்திருக்கிறாள் என்று வையுங்கள். அடுத்த வேலை மூன்று மட்டும்தான். நாலைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். மூன்று பட்டனை அவள் முன் வைத்து, முதலில் மொத்தத்தைச் சொல்லுங்கள், உடனே எண்ணுங்கள், மறுபடி மொத்தத்தைச் சொல்லுங்கள்: ‘இங்க பாரு, மூணு பட்டன். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு பட்டன் இருக்கு.’ முதல் வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வெறுமனே எண்ணிக் காட்டினால் குழந்தையின் காதில் ‘மூணு’ என்பது மூன்றாவது பட்டனின் பெயர்போல விழும். முதலில் மொத்தத்தைச் சொல்லிவிட்டு எண்ணினால், எண்ணி வந்து நின்ற இடமும் மொத்தமும் ஒரே சொல் என்பது பக்கத்துப் பக்கத்தில் கேட்கிறது. மூன்று வயதுக் குழந்தைகளுக்கு எண்ணிக் காட்டுவது மட்டுமோ, மொத்தம் சொல்வது மட்டுமோ தராத பலனை இரண்டும் சேர்ந்து தருவதாக ஆய்வுகளிலும் தெரிய வந்திருக்கிறது.

அதோடு, எது மூன்று இல்லை என்பதையும் காட்டுங்கள். ஒரு தட்டில் மூன்று கல், இன்னொன்றில் நாலு கல். ‘இது மூணு. இது மூணு இல்ல, இது நாலு. மூணு எங்க இருக்கு?’ கற்கள் மாறட்டும், மூடிகள் வரட்டும், செருப்பு வரட்டும், மூன்று மாறாமல் இருக்கட்டும். ஒரு நாளில் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலைந்து நிமிடம் போதும்.

கேள்வி: பேரனுக்கு நாலு வயது. ஐந்து பொம்மையை எண்ணச் சொன்னால் ஒரு சமயம் ஏழு என்கிறான், இன்னொரு சமயம் மூணு என்கிறான். வாய் ஒரு வேகத்தில், விரல் ஒரு வேகத்தில் போகிறது. எப்படித் திருத்துவது?

விடையைப் பார்க்காதீர்கள், விரலைப் பாருங்கள். தவறு எங்கே நடக்கிறது என்று விரல்தான் சொல்லும். மூன்று வகைத் தவறுகள் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, ஒன்றைத் தாண்டிவிடுவது அல்லது எண்ணியதையே மறுபடி எண்ணுவது. எதை எண்ணினோம், எது பாக்கி என்பது மனதில் நிற்கவில்லை என்று பொருள். இரண்டாவது, விரல் ஒரு பொருளில் நிற்கும்போதே வாய் இரண்டு சொல் சொல்லிவிடுவது. அப்போது விடை கூடுதலாக வரும். மூன்றாவது, ஒரு சொல்லுக்குள் விரல் இரண்டு பொருளைத் தொட்டுவிடுவது. அப்போது விடை குறையும்.

இந்த மூன்றாவதற்குத் தமிழில் ஒரு தனிக் காரணமே இருக்கிறது. ஒண்-ணு, ரெண்-டு, மூ-ணு, நா-லு, அஞ்-சு, ஆ-று, ஏ-ழு, எட்-டு, பத்-து என்று நம் எண்ணுச் சொற்கள் எல்லாம் ஈரசையாக ஒலிக்கின்றன. தாளத்துக்குத் தட்டுவதுபோல ஒவ்வோர் அசைக்கும் விரல் நகர்ந்தால், ‘ஒண்’ணுக்கு ஒரு பொம்மை, ‘ணு’வுக்கு அடுத்த பொம்மை. ஆறு பொருளுக்கு ‘மூணு’ என்று முடிகிறதா? அப்படியானால் இதுதான் நடக்கிறது. ‘ஒம்பது’ மட்டும் மூன்று அசை. அதுவரை ஒழுங்காக எண்ணி வந்த குழந்தையும் அங்கே ஒரு பொருளை அதிகமாகத் தொட்டுவிடுவதைப் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் முதல் படி, எண்ணியதை இடம் மாற்றுவது. இரண்டு தட்டு வையுங்கள். இடப்பக்கத் தட்டில் பொருள்கள், வலப்பக்கத் தட்டு காலி. ஒன்றை எடுத்து வலத் தட்டில் வைக்கும்போது, அது ‘டக்’கென்று தட்டைத் தொடும் கணத்தில்தான் சொல் வரவேண்டும். எடுக்கும்போது அல்ல, கையில் வைத்திருக்கும்போது அல்ல. தகரத் தட்டாக இருந்தால் இன்னும் நல்லது. சத்தமும் சொல்லும் ஒன்றாக விழுவதைக் குழந்தையே கேட்டுத் திருத்திக்கொள்ளும். முதல் சில நாள் அவன் கையைப் பிடித்து வேகத்தைக் குறைக்கலாம், பிறகு விட்டுவிடுங்கள். நீங்கள் தொட, அவன் சொல்ல என்று பழக்கிவிட்டால் பிறகு தனியாக எண்ணும்போது தடுமாறுவான்.

இடம் மாற்றி எண்ணுவது பத்துக்குப் பத்து சரியாக வந்தபின் வரிசையில் வைத்துத் தொட்டு எண்ணலாம். அடுத்தது வட்டம். வட்டத்தில் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் குழந்தை சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு பொருளை மட்டும் வேறு நிறத்தில் வைத்து, ‘சிவப்புல தொடங்கு, திரும்பச் சிவப்பு வந்தா நிறுத்து’ என்று சொல்லிக்கொடுங்கள். அதற்குப் பிறகுதான் சிதறிக் கிடக்கும் பொருள்கள். கடைசியாகப் படங்கள். படத்தை நகர்த்த முடியாது என்பதால், எண்ணிய ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஒரு கோடு போடட்டும். பயிற்சித் தாள்களில் பெரும்பாலும் சிதறிய படங்களைத்தான் கொடுத்து எண்ணச் சொல்கிறார்கள். வீட்டில் முதல் நான்கு படிகளைக் கடக்காத பிள்ளை அந்தத் தாளில் தவறுவதில் வியப்பே இல்லை. அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது.

எண்ணிக்கையை மூன்றில் தொடங்கி ஐந்து, ஏழு, பத்து என்று ஏற்றுங்கள். அமைப்பை மாற்றும் நாளில் எண்ணிக்கையை ஏற்றாதீர்கள். வட்டம் புதிது என்றால் மூன்று நாலு பொருளோடு நில்லுங்கள்.

கேள்வி: ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்று சரியாக எண்ணி முடிக்கிறாள். ‘மொத்தம் எத்தனை?’ என்றால் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறாள். மூன்று முறை கேட்டால் மூன்று முறையும் எண்ணுகிறாள்.

அவள் காதில் ‘எத்தனை?’ என்பது ‘எண்ணு’ என்ற கட்டளையாக விழுகிறது. நாம் அந்தச் சொல்லை எண்ணச் சொல்வதற்கே பயன்படுத்திப் பழக்கிவிட்டோம். இன்னொன்று, ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால் ‘முதல்ல சொன்னது தப்பு போல’ என்றுதான் எந்தக் குழந்தையும் நினைக்கும். மூன்றாம் முறை கேட்காதீர்கள்.

எண்ணி முடித்தவுடன் அந்தப் பொருள்கள் மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடிவிடுங்கள். ‘துணிக்கு அடியில எத்தனை இருக்கு?’ இப்போது மறுபடி எண்ண வழியில்லை. கடைசியாகச் சொன்ன சொல்லை அவள் நினைவிலிருந்து எடுத்தாக வேண்டும். அவள் ‘நாலு’ என்றால், துணியை எடுத்துச் சேர்ந்தே பாருங்கள். பதில் வராவிட்டால் நீங்களே, ‘நாலுன்னு எண்ணினோம், நாலு இருக்கு’ என்று சொல்லிக் கையால் எல்லாவற்றையும் சுற்றி ஒரு வட்டம் காட்டுங்கள். எண்ணும்போது ஒவ்வொன்றாகத் தொட்ட விரல், முடிவில் மொத்தத்தையும் வளைத்துக் காட்டுவது ஒரு நல்ல பழக்கம். அந்த அசைவைக் குழந்தைகள் விரைவில் தாங்களே செய்யத் தொடங்குவார்கள்.

ஓர் எச்சரிக்கை. ‘எத்தனை என்று கேட்டால் கடைசிச் சொல்லைத் திரும்பச் சொல்ல வேண்டும்’ என்பதை ஒரு வாய்ப்பாடாகவே சில பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். பொருள் புரியாமலேயே சரியான விடை வரும். அதனால் இதோடு நிறுத்தாமல், முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன ‘குடு’ விளையாட்டால் சரிபாருங்கள். எண்ணிச் சொல்வதைவிட எண்ணி எடுத்துக் கொடுப்பது கடினம். ஏனென்றால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே எண்ண வேண்டியிருக்கிறது. ஐந்து கேட்டால் ஏழு வரை எடுத்துக்கொண்டே போகும் குழந்தை பெரும்பாலும் இலக்கை வழியில் மறந்திருக்கும். எடுக்கத் தொடங்குமுன், ‘எத்தனை எடுக்கப் போற?’ என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்தால் பாதித் தவறு குறையும்.

கேள்வி: வீட்டில் ‘ஒண்ணு ரெண்டு’, பாடப்புத்தகத்தில் ‘ஒன்று இரண்டு’, மழலையர் பள்ளியில் ‘ஒன் டூ த்ரீ’. எதைச் சொல்லிக்கொடுப்பது? குழந்தை குழம்பிவிடாதா?

பொருளோடு எண்ணும் வேலைக்கு வீட்டில் பேசும் சொல்லையே வையுங்கள். ‘மூணு செருப்பு கிடக்கு’, ‘ரெண்டு பேர் வந்தாங்க’ என்று நாள் முழுக்கக் காதில் விழுவது அதுதான். மூன்று என்ற அளவை அந்தச் சொல்லோடுதான் குழந்தை முதலில் இணைக்கும். ஒரு மொழியில் இணைப்பு உறுதியானபின் மற்ற சொற்கள் அதன் மேல் எளிதாக உட்காரும். எழுத்து வழக்கு, வாசிக்கத் தொடங்கும்போது தானாக வரும். ஆங்கில வரிசையைப் பாட்டாகக் கற்பதில் தீங்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரே எண்ணலுக்குள் மொழியை மாற்றாதீர்கள். ‘ஒண்ணு, ரெண்டு, த்ரீ’ என்று கலந்தால் வரிசை நிலைக்காது.

தமிழில் இன்னும் இரண்டு நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். எண்ணும்போது ‘ஒண்ணு’, பொருளோடு சொல்லும்போது ‘ஒரு பட்டன்’. பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், சிறு குழந்தைக்கு இரண்டு வேறு ஒலிகள். ‘ஒரே ஒரு பட்டன், ஒண்ணு’ என்று சேர்த்துச் சொல்லிப் பழக்குங்கள். அடுத்து, ‘ஒரு கல்’, ‘மூணு கல்’ என்று நாம் பேசுகையில் ‘கல்’ மாறுவதில்லை. எண்ணைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் ஒன்றா பலவா என்பதைக் குழந்தை சொல்லிலிருந்து அறிய வழியில்லை. ‘அந்தக் கல்லை எடு’ என்பதைவிட ‘அந்த மூணு கல்லையும் எடு’ என்று சொன்னால், பாடமாக நடத்தாமலேயே நாளைக்குப் பல முறை எண் காதில் விழும்.

கேள்வி: பத்து வரை பிரச்சினையில்லை. அதற்கு மேல் ‘பத்தொண்ணு, பத்துரெண்டு’ என்கிறான். பத்தொன்பதில் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுகிறான்.

‘பத்தொண்ணு’ என்று சொல்பவன் நன்றாக யோசித்திருக்கிறான். பத்தும் ஒன்றும் சேர்ந்தது என்பது அவனுக்குத் தெரிகிறது. நம் சொற்கள்தான் சீராக இல்லை. பதினொண்ணு, பதினாலு, பதினஞ்சு என்று ‘பதின்’ வரும்; நடுவில் பன்னெண்டில் ‘பன்’, பதிமூணில் ‘பதி’, கடைசியில் பத்தொம்பதில் ‘பத்து’. ‘ஒன்பது’ என்ற சொல்லே ‘பது’ என்று முடிந்து பத்தைப்போல ஒலிப்பது இன்னொரு சிக்கல். பன்னெண்டையும் பத்தொம்பதையும் மட்டும் தனியாக எடுத்துப் பழக்குங்கள். பத்துக் கல்லை ஒரே வரிசையில் வைத்துவிட்டு, அதன் கீழே இரண்டு வைத்து ‘பத்தும் ரெண்டும், பன்னெண்டு’ என்று சொல்லுங்கள். மேல் வரிசையைத் தொடாமல் கீழ் வரிசையை மட்டும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை கூட்டிக்கொண்டே போகலாம். இருபதைத் தாண்டியதும் ‘இருபத்தொம்பது, இருபத்திப்பத்து’ என்று வரும். அதுவும் அதே நல்ல யோசனையின் விளைவுதான். ‘முப்பது’ என்று எடுத்துக்கொடுத்துவிட்டு நகருங்கள்.

கேள்வி: மூன்று நான்கு பொருள் இருந்தால் என் மகன் எண்ணாமலே சட்டென்று சொல்லிவிடுகிறான். ‘எண்ணிச் சொல்லு’ என்று வற்புறுத்தலாமா?

வேண்டாம். கண்ணால் பார்த்த மாத்திரத்தில் சிறு எண்ணிக்கையை அறிவது எல்லா மனிதருக்கும் உள்ள திறமை. அதற்கு ஓர் எல்லையும் உண்டு. வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற அறிஞர் 1871இல் ஒரு பெட்டிக்குள் அவரை விதைகளை வீசி, ஒரு பார்வையில் எத்தனை என்று சொல்லிப் பார்த்துத் தன்னையே சோதித்துக்கொண்டார். ஆயிரம் தடவைக்கு மேல் செய்ததில், மூன்றிலும் நான்கிலும் அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஐந்திலிருந்து தவறுகள் தொடங்கின. சிறு பிள்ளைகளுக்கு இந்த எல்லை மூன்றை ஒட்டி இருக்கும். ஆகவே உங்கள் மகன் ஊகிக்கவில்லை, பார்க்கிறான். அந்தப் பார்வையைக் கொண்டு எண்ணுவதை உறுதிப்படுத்துங்கள்: ‘மூணுன்னு சொன்னியே, எண்ணியும் பார்க்கலாமா?’ இரண்டு வழியிலும் ஒரே விடை வருவதில் அவனுக்கும் ஒரு மகிழ்ச்சி.

புள்ளி அட்டைகள் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சலட்டை அளவில் வெள்ளை அட்டை, அதில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஒரே நிறத்தில் கருமையான புள்ளிகள். ஒன்று முதல் ஐந்து வரை, ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று அட்டை. மூன்றிலும் புள்ளிகளின் அமைப்பு வேறாக இருக்கட்டும். தாயக்கட்டைபோல ஒரே அமைப்பைப் போட்டால் குழந்தை எண்ணை விட்டுவிட்டுப் படத்தை அடையாளம் வைத்துக்கொள்ளும். அட்டையை ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு விநாடி காட்டிக் கவிழ்த்துவிடுங்கள். அதற்கு மேல் காட்டினால் எண்ணத் தொடங்கிவிடுவான்.

சொன்னபின், ‘எப்படித் தெரிஞ்சுது?’ என்று கேட்க மறக்காதீர்கள். ஐந்து புள்ளி அட்டைக்கு ‘இங்க மூணு, அங்க ரெண்டு’ என்று ஒரு நாள் சொல்லுவான். கூட்டல் அங்கேதான் பிறக்கிறது. அதற்கு வசதியாக ஐந்துப் புள்ளிகளை மூன்றும் இரண்டுமாக, நாலும் ஒன்றுமாகச் சற்று இடைவெளி விட்டு வரையுங்கள்.

கேள்வி: இரண்டு வரிசையில் ஆறு ஆறு மூடி வைத்தேன். ‘சமம்’ என்றாள். ஒரு வரிசையைக் கொஞ்சம் அகட்டி வைத்ததும் ‘இதுலதான் நிறைய’ என்கிறாள். அவளுக்கு ஐந்து வயது. எங்கே தவறு செய்தேன்?

எங்கேயும் இல்லை. ழான் பியாஜே என்ற உளவியலாளர் இதையே செய்துகாட்டிப் புகழ்பெற்றார். ஆறு ஏழு வயது வரை பல பிள்ளைகள் நீளத்தைப் பார்த்து அளவைச் சொல்வார்கள். பெரியவர் வேண்டுமென்றே அகட்டிவிட்டு மறுபடி கேட்பதே குழந்தையைக் குழப்புகிறது என்று பிறகு வந்தவர்கள் காட்டினார்கள்: 1974இல் நடந்த ஒரு சோதனையில் ஒரு ‘குறும்புக் கரடி’ பொம்மை வரிசையைக் கலைத்ததாகக் காட்டியபோது இன்னும் அதிகமான குழந்தைகள் சரியாகப் பதில் சொன்னார்கள். வாதாடாதீர்கள். ‘ஒவ்வொண்ணுக்கும் ஜோடி இருக்கா பாரு’ என்று மேல் மூடியையும் கீழ் மூடியையும் நூலால் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்று ஒப்புக்கொள்ளாவிட்டால் சில மாதம் கழித்துச் செய்து பாருங்கள்.

கேள்வி: விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்க வேண்டுமா?

தடுக்க வேண்டாம். எப்போதும் கூடவே இருக்கும் எண்ணும் பொருள் விரல்தான். ஒன்று மட்டும் பழக்குங்கள்: ஐந்தைக் காட்ட ஒவ்வொன்றாக மடக்கி நீட்டாமல் முழுக் கையை ஒரேயடியாகக் காட்டட்டும். ‘மூணு விரல் காட்டு’, ‘இன்னொரு விதமா மூணு காட்டு’ என்று விளையாடினால் இரு கையிலும் இரண்டும் ஒன்றுமாகவும் காட்டுவார்கள்.

கேள்வி: எண்ணுவதற்கு என்ன பொருள் நல்லது? கடையில் விற்கும் வண்ண வண்ணப் பொம்மைகள் வாங்க வேண்டுமா?

பளபளப்பான பொம்மைகளைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. குட்டிக் காரைக் கொடுத்தால் குழந்தை அதை ஓட்டும், எண்ணாது. ஒரே நிறம், ஒரே அளவு, உருளாத தட்டையான பொருள்கள் எண்ணுவதற்கு ஏற்றவை: பெரிய பட்டன், பெரிய புட்டி மூடி, மரக்கட்டைத் துண்டு. பிறகு நிறமும் அளவும் கலக்கலாம். ஒரு செருப்பு, ஒரு கரண்டி, ஒரு பந்து சேர்ந்தாலும் மூன்று என்பது புரிய வேண்டுமல்லவா? அதன் பிறகு கைதட்டல், தகர டப்பாவில் கல் விழும் சத்தம் என்று கண்ணுக்குத் தெரியாததையும் எண்ணலாம். அது கடினம், ஏனென்றால் திரும்பிப் பார்த்துச் சரிபார்க்க எதுவும் இல்லை.

மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் அளவில் மிகக் கண்டிப்பாக இருங்கள். 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் நுழைந்துவிடும் எந்தப் பொருளும் அந்தக் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும். பெரிய பிள்ளைக்காகப் பட்டன் எடுத்தால் தொடங்கும்போது எத்தனை, முடிக்கும்போது எத்தனை என்று எண்ணி மூடி வையுங்கள். பொத்தான் பேட்டரி, சிறு காந்தம், தண்ணீரில் ஊறி வீங்கும் மணிகள், இவற்றை எந்த வயதிலும் எண்ணக் கொடுக்காதீர்கள். விழுங்கினால் உள்ளே பெருங்கேடு செய்பவை.

கேள்வி: எப்போது கவலைப்பட வேண்டும்?

இந்த வயதில் பிள்ளைகளுக்குள் வேறுபாடு மிக அதிகம். இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் இல்லை என்பது கவலைக்குரியது அல்ல. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு நான்கைந்து மாதம் ஆகலாம். ஆனால் ஐந்து வயது தாண்டியும், தொடர்ந்து பழக்கியும், மூன்று பொருளைக் கேட்டால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேச்சும் பின்தங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். கணக்குக் கற்றலில் தனிப்பட்ட சிரமம் இருக்கிறதா என்பதைப் பள்ளி வயதுக்குப் பிறகே நிபுணர்கள் உறுதியாகச் சொல்வார்கள். நாலு வயதில் நாமே அந்தப் பெயரைச் சூட்ட வேண்டாம்.

கேள்வி: பூஜ்ஜியத்தை எப்போது சொல்லிக்கொடுப்பது?

‘ஒண்ணுமில்ல’ என்ற சொல்லாக அது ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. ஐந்து வரை எண்ணி எடுத்துக் கொடுக்கத் தெரிந்தபின், தட்டில் மூன்று கல் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே கேளுங்கள்: ‘இப்ப எத்தனை?’ மூணு, ரெண்டு, ஒண்ணு. கடைசிக் கல்லையும் எடுத்துவிட்டுக் காலித் தட்டைக் காட்டிக் கேட்கும்போது ‘ஒண்ணுமே இல்ல’ என்று சிரிப்பார்கள். ‘ஆமா, பூஜ்ஜியம் கல்’ என்று அப்போது சேர்த்துச் சொன்னால் போதும்.